பெரிய கட்டடத்துக்கு வைஃபை: யாரிடம் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் ஆலய மண்டபம், தமிழ்ப்பள்ளி, சங்கக் கட்டடம் என்று எது எழும்பினாலும், சாயம் அடித்து முடித்த கையோடு ஒரு பேச்சு வரும்: வைஃபையை யாரிடம் கொடுப்பது? நான் இந்தத் தொழிலில் இருப்பதால் நிர்வாகக் குழுவினர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று மாடி. கீழே சாப்பாட்டுக் கூடமும் சமையல்கட்டும், நடுவில் 600 பேர் உட்காரும் கல்யாண மண்டபம், மேலே டியூஷன் வகுப்புகளும் அலுவலகமும். நம் பக்கத்தில் இப்படித்தானே கட்டுகிறார்கள்.

இண்டர்நெட் லைன் போடுபவர்களே ஒரு பெட்டி தருகிறார்கள். அது போதாதா?

வீட்டுக்குப் போதும். லைன் வேறு, கட்டடத்துக்குள் அந்த லைனைப் பரப்புவது வேறு. ஃபைபரில் 500 எம்பிபிஎஸ் வாசல்வரை வந்து நின்றாலும், அலுவலக மேசையில் இருக்கும் ஒரு பெட்டியால் அதை இரண்டு கான்கிரீட் தளங்களுக்குக் கீழே இருக்கும் சமையல்கட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனாலும் 600 கைப்பேசிகளை அது தாங்காது. "லைன் ஸ்லோ" என்று இன்னும் பெரிய பேக்கேஜுக்கு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதக் கட்டணம் ஏறியதே தவிர, மண்டபத்தின் பின்வரிசையில் எதுவும் மாறவில்லை.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூன்றிலும் மாடல் நம்பரும் விலையும்தான் இருக்கின்றன. எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிட முடியாது. மூவரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் 6 ஏ.பி. போட்டிருப்பார், இன்னொருவர் 14. ஏ.பி. என்றால் அக்செஸ் பாயிண்ட், அதாவது கூரையில் மாட்டுகிறார்களே, அந்த வட்டப் பெட்டி. 6 போட்டவர் விலை குறைவு என்று அவரிடமே கொடுத்துவிடுகிறோம். 6 போதுமா என்று யாரும் கேட்பதில்லை.

விலை கேட்பதற்கு முன்னால் உங்கள் தேவையை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் அதையே கொடுங்கள். எந்த அறையில் அதிகபட்சம் எத்தனை பேர், அவர்கள் என்ன செய்வார்கள், எங்கே கட்டாயம் வேண்டும், எங்கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இவ்வளவுதான். "மண்டபத்தில் 400 கைப்பேசி, மேடையிலிருந்து கல்யாணம் நேரலை, நுழைவாயிலில் மொய்க்குக் கியூஆர் கட்டணம், மேல்மாடியில் 4 வகுப்புகளில் ஒரே நேரத்தில் வீடியோ பாடம், கார் நிறுத்துமிடத்தில் தேவையில்லை" என்று எழுதினால் போதும். தொழில்நுட்ப வார்த்தை ஒன்றுகூட வேண்டாம்.

அப்புறம் ஒரு நிபந்தனை: கட்டடத்தை நேரில் வந்து பார்க்காதவரின் விலையைக் குழுவின் மேசைக்கே கொண்டுவராதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். எந்தப் பெட்டி என்பது அதற்கு அடுத்தது.

நேரில் வந்து என்ன பார்ப்பார்கள்?

வந்து, சுற்றிப் பார்த்து, "சரி அண்ணே, எட்டு போட்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் போவது சர்வே ஆகாது. நல்ல சர்வே எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டடம் எழும்பாத நிலையில், வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, எந்தச் சுவர் செங்கல், எது கான்கிரீட், எது பலகை என்று குறித்து, சிக்னல் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுவார்கள். கட்டி முடித்திருந்தால் உண்மையான ஏ.பி. ஒன்றை உயரமான ஸ்டாண்டில் பொருத்தி, அது மாட்டப்போகும் இடத்திலேயே நிறுத்தி, கையில் கருவியோடு நடந்து அளப்பார்கள்.

ஒரு மண்டபத்தில் நான் உடன் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டாண்டைச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்கள். பந்தி வரிசை முழுவதும் திரையில் மைனஸ் 55 டிபிஎம் அளவில் நின்றது. டிபிஎம் என்பது சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு, பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு பலம். இது நல்ல சிக்னல். சமையல்கட்டுக்குள் நுழைந்து, எவர்சில்வர் அலமாரியையும் குளிர்பதன அறையின் இரும்புக் கதவையும் தாண்டியதும் மைனஸ் 80க்கு விழுந்தது. நடந்தது பத்தடிகூட இருக்காது. டிபிஎம் கணக்கில் 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிடும். 25 குறைந்தால் முந்நூறில் ஒரு பங்கு. சமையல்காரர் பொருள்களுக்குப் பணம் கட்டுவதும் ஆர்டர் பார்ப்பதும் அந்த மூலையில் நின்றுதான். நடக்காமல் இருந்திருந்தால் இது திறப்புவிழா அன்றுதான் தெரிந்திருக்கும்.

வீடியோவும் இண்டர்நெட் அழைப்பும் தடங்கல் இல்லாமல் ஓட மைனஸ் 67 அல்லது அதைவிட மேல் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள வழக்கம். உங்கள் ஒரு பக்கத் தாளில் இந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள். "கட்டாயம் வேண்டிய இடங்களில் மைனஸ் 67க்குக் குறையக் கூடாது" என்ற ஒரு வரி, விளையாட்டாக விலை சொல்பவர்களை வடிகட்டிவிடும்.

சர்வேக்குச் சிலர் கட்டணம் கேட்பார்கள். கொடுங்கள். வேலையை அவரிடம் கொடுக்காவிட்டாலும் அறிக்கை உங்களுடையது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஏ.பி. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. மண்டபத்தில்தான் இது நன்றாகத் தெரியும். 400 கைப்பேசிகள் இணையும், ஒரு ஏ.பி. 50 பேரைச் சிரமமில்லாமல் கவனிக்கும் என்று வைத்தால் 8 தேவை. இதைக் கேட்டதும், "எதற்கும் 12 போட்டுவிடுவோம்" என்று தோன்றும்.

ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. ஒரே கூடத்தில் 12 ஏ.பி.யும் 2.4இல் பேசினால், ஒரே மேடையில் பலர் ஒரே நேரத்தில் மைக்கைப் பிடித்த கதைதான். ஒன்று பேசும்போது அதே சேனலில் உள்ள மற்றவை வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் கூடுதல், அதனால் கூட்டத்தை அங்கே தள்ள வேண்டும். மண்டபத்து ஏ.பி.களில் பாதிக்கு மேல் 2.4ஐ அணைத்து, 5இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, ஒலிபரப்புச் சக்தியையும் இறக்கி வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

விற்பனையாளரிடம், "மண்டபத்தில் சேனல் எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தாளை எடுத்து வரைந்து காட்டுபவர் வேலை தெரிந்தவர். "எல்லாம் ஆட்டோ" என்று முடித்துக்கொள்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். மண்டபக் கூரை இரண்டு மாடி உயரம் இருந்தால், அங்கே மாட்டும் சாதாரண ஏ.பி.யின் அலை நாலாபக்கமும் சிதறிவிடும். பக்கச் சுவரில் கீழ்நோக்கிச் சாய்த்தோ, திசை ஆன்டெனா உள்ளதைப் பயன்படுத்தியோ போட வேண்டும். அழகு கெடும் என்று சீலிங் பலகைக்கு மேலே, ஏர்கோன் குழாயின் வெள்ளித்தாளுக்குப் பக்கத்தில் ஒளித்துவைக்கச் சொல்லும் குழுக்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தத் தாள் உலோகம். அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

எந்த பிராண்ட் வாங்கலாம்?

சிஸ்கோ, எச்பிஇ அரூபா, ரக்கஸ் போன்றவை பெரிய ஹோட்டல், மருத்துவமனை, பல்கலைக்கழகம் எனப் பழகியவை. கூட்ட நெரிசலைச் சமாளிப்பதில் தேர்ந்தவை, விலையும் அதற்கேற்ப. யுபிக்விட்டியின் யூனிஃபை, டிபி-லிங்கின் ஒமாடா, ருய்ஜியின் ரெயீ ஆகியவை நடுத்தர விலையில் கிடைப்பவை. நம் ஊர்க் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றே போதும், ஒழுங்காக வடிவமைத்துப் போட்டால். என் அனுபவத்தில் நடுத்தர பிராண்டை நல்ல ஆள் போட்டால், பெரிய பிராண்டை அரைகுறை ஆள் போட்டதைவிட நன்றாகவே ஓடுகிறது.

நான் பார்ப்பது பிராண்டைவிட இவற்றைத்தான். எல்லா ஏ.பி.யையும் ஒரே திரையிலிருந்து நிர்வகிக்க முடிகிறதா? ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடக்கும்போது கைப்பேசி அறுபடாமல் மாறிக்கொள்ள உதவும் வசதிகள் உள்ளனவா? இந்த மாடலுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும்? பழுதானால் மாற்றுப் பெட்டி மலேசியாவிலேயே கிடைக்குமா?

இணையக் கடையில் வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைக்காதீர்கள். இங்கே பயன்படுத்தும் கம்பியில்லாக் கருவிகளுக்குச் சிரிம் என்ற தர அமைப்பின் சோதனைச் சான்றும் எம்சிஎம்சி என்ற தொடர்புத் துறை ஆணையத்தின் முத்திரையும் வேண்டும். வேறு நாட்டுக்கான பெட்டியில் சேனலும் சக்தி வரம்பும் வேறாக இருக்கும். உத்தரவாதமும் இங்கே செல்லாமல் போகலாம்.

கொட்டேஷனில் "யூனிஃபை" என்று இருக்கிறது. நம்மிடம்தான் யூனிஃபை லைன் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று டெலிகோம் மலேசியாவின் இண்டர்நெட் சேவை. மற்றது யுபிக்விட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏ.பி., சுவிட்ச் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) வகை. எந்த நிறுவனத்தின் லைனோடும் அதைப் பயன்படுத்தலாம். குழுக் கூட்டத்தில் இந்தக் குழப்பத்தால் சரியான கொட்டேஷனைத் தள்ளிவைத்தது உண்டு. அதனால் நிறுவனத்தின் முழுப்பெயரையும் எழுதித்தரச் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டுமா?

பிராண்டைப் பொறுத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. யுபிக்விட்டி, ஒமாடா வகைகளில் பெட்டிக்கு இவ்வளவு என்ற கட்டாய லைசென்ஸ் இல்லாமலே நடத்தலாம். சிஸ்கோவின் மெராக்கி லைசென்ஸில்தான் ஓடும். எல்லா லைசென்ஸும் ஒரே தேதியில் முடியும் அதன் கோ-டெர்ம் முறையில், காலாவதியாகி 30 நாள் அவகாசமும் கடந்துவிட்டால் நெட்வொர்க்கே நின்றுவிடும். மெராக்கி மோசம் என்று சொல்ல வரவில்லை, தொலைவிலிருந்து நிர்வகிக்க அருமையானது. ஆனால் குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும் ஓர் ஆலயத்தில், புதிய பொருளாளருக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்குமா? 5 ஆண்டுக்கான மொத்தச் செலவை, லைசென்ஸும் பராமரிப்பும் சேர்த்து, ஒரே எண்ணாக எழுதித்தரச் சொல்லுங்கள். சேவை வரி சேர்த்ததா என்றும் கேளுங்கள். 2024 மார்ச் முதல் பெரும்பாலான சேவைகளுக்கு அது 8 விழுக்காடு.

வைஃபை 7 வந்துவிட்டதே, அதையே வாங்கிவிடலாமா?

பணம் இருந்தால் வாங்கலாம், அவசரம் இல்லை. விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் கிடைக்கும். நம் நாட்டில் வைஃபைக்குத் திறந்துவிட்டிருப்பது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த 500க்குள் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். பல ஏ.பி. உள்ள கட்டடத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நல்ல வைஃபை 6 பெட்டியை வாங்கி, மிச்சப் பணத்தைக் கேபிளில் போடுங்கள். பெட்டியை ஐந்தாறு ஆண்டில் மாற்றலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்ற மனம் வராது.

கேபிள் இழுக்காமல் மெஷ் போட்டால்?

ஏ.பி.கள் கேபிள் இல்லாமல் அலையிலேயே ஒன்றோடொன்று இணைவதுதான் மெஷ். பெரிய கட்டடத்துக்கு வேண்டாம். கேபிள் போகவே முடியாத ஓர் இடத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

கேபிள், சுவிட்ச் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? இடி விழுந்து எல்லாம் போய்விட்டதாகப் பக்கத்து மண்டபத்தில் சொல்கிறார்கள்.

நம் ஊரில் இது நிஜமான பயம். மதியம் மூன்று, நான்கு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தால் தோட்டப்புறத்தில் ஏதாவது ஒன்று போகும். பெரும்பாலும் இடி நேராகக் கட்டடத்தில் விழுவதில்லை. பக்கத்தில் விழும்போது, வெளியே போகும் நீளமான செம்புக் கேபிள் வழியாக மின்னழுத்தம் பாய்ந்து சுவிட்சைச் சாப்பிட்டுவிடுகிறது. மண்டபத்திலிருந்து கோயிலுக்கும், காவலர் குடிசைக்கும், வாசல் கேமராவுக்கும் வெட்டவெளியில் இழுத்த கேபிள்கள்தான் முதல் வழி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடச் சொல்லுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. வெளியே செம்பு தவிர்க்க முடியாத இடத்தில் சர்ஜ் தடுப்பானும் முறையான எர்த்தும் வேண்டும். எர்த் இல்லாத சர்ஜ் தடுப்பான் வெறும் அலங்காரம்.

ஃபைபர் வந்தால் நீளப் பிரச்சினையும் தீரும். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை.

ஏ.பி.க்கு மின்சாரம் கேபிள் வழியாகவே சுவிட்சிலிருந்து போகும். பி.ஓ.இ. என்பது அதுதான். கொட்டேஷனில் "16 போர்ட் பி.ஓ.இ. சுவிட்ச்" என்று இருந்தால், மொத்தம் எத்தனை வாட் என்று கேளுங்கள். 150 வாட் சுவிட்சில், ஒரு ஏ.பி. 20 வாட் இழுத்தால் ஏழுக்கு மேல் தாங்காது. 16 துளை இருக்கிறதே என்று எட்டாவதையும் ஒன்பதாவதையும் செருகுவார்கள். கூட்டமில்லாத நாளில் ஓடும், கல்யாண நாளில் ஒன்று அணைந்து ஒன்று எரியும்.

சுவிட்சுகளை அடுக்கும் ரேக்கை மாடிப்படிக்குக் கீழே விளக்குமாறோடு வைக்காதீர்கள். பூட்டிய, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். பல்லியும் எறும்பும் கதகதப்பைத் தேடி சுவிட்சுக்குள் புகுந்துவிடும். எறும்புக்கூட்டால் துருப்பிடித்த போர்ட்டுகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். பயன்படாத துளைகளை மூடிவைக்க ரப்பர் மூடிகள் சில வெள்ளிக்கே கிடைக்கும்.

தலைவரின் உறவுக்காரப் பையன் ஒருவன் இந்த வேலை செய்கிறான். அவனுக்குக் கொடுப்பதா, ஈப்போ, கோலாலம்பூர் கம்பெனிக்குக் கொடுப்பதா?

நம் பிள்ளைகள் இந்தத் தொழிலில் மேலே வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவனும் அதே ஒரு பக்கத் தாளுக்கு, அதே மைனஸ் 67க்கு, அதே சர்வேயோடு விலை கொடுக்கட்டும். தேறினால் அவனுக்கே கொடுங்கள். சனிக்கிழமை காலை முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டபத்தில் லைன் போய்விட்டால், பக்கத்துத் தாமானில் இருப்பவன் பத்து நிமிடத்தில் வருவான். ஈப்போக்காரர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். கோலாலம்பூரிலிருந்து வருபவர் தாலி கட்டி, பந்தியும் முடிந்த பிறகுதான் வந்து சேர்வார். பெரிய கம்பெனியே எடுத்தாலும், பராமரிப்பை உள்ளூரில் யார் பார்ப்பார், எத்தனை மணிக்குள் வருவார், வார இறுதியில் வருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். கல்யாண மண்டபத்துக்கு "வேலை நாட்களில் மட்டும்" என்ற ஒப்பந்தத்தால் என்ன பயன்?

உறவுக்காரர் பெயர் வந்தால் அந்தக் குழு உறுப்பினர் முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்காராமல் இருப்பது நல்லது. அந்தப் பையனின் பெயரும் கெடாது.

ஒரே மாடலில் ஓர் ஏ.பி.யைக் கூடுதலாக வாங்கி அலமாரியில் பூட்டி வையுங்கள். எந்த உத்தரவாதத்தையும்விட அது சீக்கிரம் கைகொடுக்கும்.

பாஸ்வேர்டு எல்லாம் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். அது வழக்கம்தானே?

வழக்கம்தான், கெட்ட வழக்கம். போட்டவரோடு பேச்சு முறிந்து, கடைசியில் எல்லாப் பெட்டியையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்த இடங்கள் உண்டு. நிர்வாகக் கணக்கு கட்டடத்தின் பெயரில், கட்டடத்துக்கென்றே உள்ள மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். விற்பனையாளருக்கு அதில் துணைக் கணக்கு கொடுங்கள், ஒப்பந்தம் முடிந்தால் எடுத்துவிடலாம். பாஸ்வேர்டுகளை ஓர் உறையில் போட்டு ஒட்டி, சொத்துப் பத்திரங்களோடு வையுங்கள்.

மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டது, தோட்டம் தங்களுக்கே சொந்தமாக வேண்டும் என்றுதான். மண்டபப் பணமும் அப்படி நன்கொடையாகச் சேர்ந்த பணம். அதில் வாங்கிய சாதனத்தின் சாவி வெளியாள் கையில் இருப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

வருபவர்களுக்கு இலவச வைஃபை கொடுக்கலாமா? ஐ.சி. நம்பர் கேட்டு உள்ளே விடலாமா?

கொடுங்கள், ஆனால் தனி நெட்வொர்க்காக. விருந்தினர், அலுவலகம், கேமரா, வகுப்பறை ஆகிய நான்கும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி வீலேன் முறையில் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே பாஸ்வேர்டில் எல்லாம் ஓடினால், கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருவரின் வைரஸ் பிடித்த கணினி பொருளாளரின் கணக்குகளை எட்டிப் பார்க்கலாம். விருந்தினர் ஒருவருக்கு வேக வரம்பும் வையுங்கள், நேரலைக்கும் கியூஆர் கட்டணத்துக்கும் முன்னுரிமை கொடுங்கள்.

ஐ.சி. நம்பர் வேண்டவே வேண்டாம். வாடகைக்கு விடும் மண்டபம் என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஐ நினைவில் வைக்க வேண்டும். தேவையில்லாத விவரத்தைச் சேகரித்தால் அதைக் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். மண்டபப் பெயரோடு மாதமொருமுறை மாற்றும் பாஸ்வேர்டு போதும். வகுப்பறை நெட்வொர்க்கில் பிள்ளைகளுக்கு ஆகாத தளங்களைத் தடுக்கும் வசதியை மறக்காமல் கேளுங்கள்.

இத்தனை ஏ.பி. மாட்டினால் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

பெரியவர்கள் அக்கறையோடு கேட்கும் கேள்வி. கம்பியில்லா நெட்வொர்க்குகளின் பலவீனமான அலைகளால் உடல்நலத்துக்குக் கெடுதல் என்பதற்கு நம்பத்தக்க அறிவியல் சான்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் கூறியது. மேலே சொன்னபடி சக்தியைக் குறைத்து வைப்பது நெட்வொர்க்குக்கும் நல்லது.

பணத்தை எப்போது, எப்படிக் கொடுப்பது?

முன்பணம், பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, சோதனைக்குப் பிறகு ஒரு பகுதி. பத்து விழுக்காட்டையாவது ஒரு பெரிய கல்யாணம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். காலி மண்டபத்தில் எல்லா வைஃபையும் பறக்கும். மனித உடல் தண்ணீர், அலையை உறிஞ்சும். 600 பேர் உட்கார்ந்த பிறகுதான் உண்மை தெரியும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதினால் நல்ல விற்பனையாளர் கோபப்பட மாட்டார்.

கடைசித் தவணைக்கு முன் கையில் வாங்க வேண்டியவை: மாட்டிய பிறகு மறுபடி நடந்து அளந்த சிக்னல் வரைபடம், எந்தக் கேபிள் எந்த அறைக்கு என்ற பட்டியல், ஒவ்வொரு கேபிளின் சோதனை முடிவு, அமைப்புகளின் பேக்கப். கேபிளின் இரு முனையிலும் ஒரே எண் ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே இரண்டு மூன்றை இழுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே போட்டது சரியில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். பல இடங்களில் பெட்டி நல்லதாகவே இருக்கும். சக்தியை உச்சத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே சேனலில் விட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்து, இரண்டு ஏ.பி.யை இடம் மாற்றினாலே பாதிப் புகார் நின்றுவிடும். கேபிள் கேட் 6 தரமாக இருந்து சோதனையில் தேறினால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக விலை கேட்கும்போது, "இருப்பதில் எதையெல்லாம் பயன்படுத்துவீர்கள்?" என்பதையும் தாளில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள். ஒன்றையும் அளக்காமல், "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க" என்று சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.